ஜப்பானைப் பார் என்று மேடையில் சொல்வோருக்கு

அன்புள்ள தன்னம்பிக்கைப் பேச்சாளர்களே, பள்ளி ஆண்டு விழாக்களின் சிறப்பு விருந்தினர்களே, காலை வழிபாட்டில் ‘இன்றைய சிந்தனை’ சொல்லும் ஆசிரியப் பெருமக்களே,



நீங்கள் மைக்கைப் பிடித்தால் ஜப்பான் வராமல் போவதில்லை. ரயில் ஒரு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்கிறார்கள். பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கிறார்கள். கால்பந்து பார்க்கப் போன ரசிகர்கள் அரங்கத்தில் கிடந்த குப்பையைப் பொறுக்கிவிட்டு வருகிறார்கள். கடைசியில், வாழ்வின் நோக்கம் என்ற பொருளில், இக்கிகாய். இவற்றில் பலவும் உண்மைதான். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் அடுத்து நீங்கள் சொல்லும் இரண்டு வாக்கியங்களோடு. ‘அது அவங்க ரத்தத்துலயே ஊறினது’ என்கிறீர்கள். பிறகு முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்து, ‘அதனால பெரியவங்க சொன்னதைக் கேட்டு நடங்க’ என்று முடிக்கிறீர்கள். சிலர் ஒரு படி மேலே போய், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்ற மொழியியலாளர் சுசுமு ஓனோவை இழுத்து, ஜப்பானியரே நம் பங்காளிகள்தான் என்று கைதட்டலும் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பஞ்சாயத்தை மொழியியலாளர்களிடம் விட்டுவிடுவோம்.

ரத்தத்தில் ஊறியது என்று நீங்கள் சொல்கிறவற்றுக்குப் பெரும்பாலும் பிறந்த தேதி இருக்கிறது. அநேகமாக அது ஓர் அரசாணையின் தேதியாக, ஒரு தீர்ப்பின் தேதியாக, அல்லது யாரோ சிலர் ‘முடியாது’ என்று சொன்ன தேதியாக இருக்கிறது. அதைத்தான் இந்த மடலில் சொல்ல வருகிறேன்.

நேரம் தவறாமையையே எடுத்துக்கொள்வோம். 1857 முதல் 1859 வரை நாகசாகியில் ஜப்பானியருக்குக் கடற்படைப் பயிற்சி கொடுத்த கட்டென்டைக்க என்ற ஹாலந்து அதிகாரி, இந்த ஊரில் சொன்ன நேரத்துக்குச் சாமான் வந்து சேர்வதில்லை, வேலையாளும் வருவதில்லை என்று நொந்துபோய் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் ஒன்றும் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் கணக்கு வேறு. விடியலிலிருந்து அந்தி வரை ஆறு பங்கு, அந்தியிலிருந்து விடியல் வரை ஆறு பங்கு என்று பொழுதைப் பிரித்திருந்தார்கள். கோடையில் பகலின் ஒரு பங்கு நீளும், குளிர்காலத்தில் குறுகும். நேரத்தைச் சொல்வது கோயில் மணி. நிமிடம் என்ற ஒன்றுக்கு அன்றாட வாழ்வில் வேலையே இல்லை.

1868-ல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1872-ல் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. வண்டி கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதே நிலையக் கதவைச் சாத்திவிடுவோம் என்று பயணிகளுக்கு அறிவிப்பு வைத்தார்கள். அதே ஆண்டின் இறுதியில், மூன்று வாரத்துக்குச் சற்று மேற்பட்ட அவகாசமே கொடுத்து, பழைய சந்திர நாட்காட்டியைக் கைவிட்டு மேலை நாட்காட்டிக்கு மாறினார்கள்: பழைய கணக்கில் பன்னிரண்டாம் மாதம் 3ஆம் தேதியாக இருக்க வேண்டிய நாள், 1873 ஜனவரி 1 ஆயிற்று. இதற்குப் பின்னால் ஒரு கஜானா கணக்கும் உண்டு. பழைய முறைப்படி அடுத்த ஆண்டில் ஓர் அதிக மாதம் வரவிருந்தது. அரசு ஊழியர்களுக்குப் பதின்மூன்று மாதச் சம்பளம் தர வேண்டியிருக்கும். அன்று நிதியைக் கவனித்த ஒகுமா ஷிகெனொபு, பின்னாளில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சம்பளச் செலவை மிச்சம்பிடிக்க ஒரு நாடு நாட்காட்டியை அவசரமாக மாற்றிய கதையை நீங்கள் ஏன் மேடையில் சொல்வதில்லை என்று எனக்கு வியப்பு. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

அதற்குப் பிறகும் பழக்கம் லேசில் படியவில்லை. பள்ளிக்கூட மணி, ஆலைச் சங்கு, படை முகாம் எல்லாம் சேர்ந்து ஐம்பது ஆண்டு இடித்த பிறகும், 1920-ல் டோக்கியோவில் நேரத்தைப் பற்றி ஒரு கண்காட்சியே நடத்த வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் ஜூன் 10 ‘நேர நாள்’ என்று அறிவிக்கப்பட்டது. சொன்ன நேரத்துக்கு வாருங்கள், கூட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்குங்கள் என்று மக்களிடம் பிரசாரம் செய்தார்கள். பிறவிக் குணத்துக்கு யாராவது பிரசாரம் செய்வார்களா?

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். சாதாரணக் குடிமக்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டாக வேண்டும் என்று ஆணை வந்தது 1875-ல். ஜூடோவை ஜிகோரோ கானோ உருவாக்கியது 1882-ல். ஷிந்தோ ஆலயத்தில் நடக்கும் ‘பாரம்பரிய’ திருமணம், 1900-ல் பட்டத்து இளவரசருக்கு நடந்த திருமணத்தைப் பார்த்து ஊரில் பரவியது. சாமுராய்களின் அறம் என்று நீங்கள் மேற்கோள் காட்டும் புஷிதோ நூலை, இனாசோ நிதோபே அமெரிக்காவில் இருந்தபடி, ஆங்கிலத்தில், வெளிநாட்டு வாசகர்களுக்காக எழுதினார்; அது வெளிவந்தபோது சாமுராய்கள் இடுப்பில் வாள் கட்டுவது தடைசெய்யப்பட்டு இருபது ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

அடுத்து, உங்களில் பாதிப் பேராவது சொல்லியிருக்கக்கூடிய ஒரு கதை. ஜப்பானில் வேலைநிறுத்தம் என்றால் வேலையை நிறுத்த மாட்டார்களாம், கூடுதலாக உழைப்பார்களாம். செருப்புத் தொழிற்சாலையில் இடது கால் செருப்பை மட்டும் செய்து குவித்து எதிர்ப்பைக் காட்டினார்களாம். என் பள்ளிப் பருவத்திலிருந்து இந்தக் கதை உலவுகிறது. எந்த ஊர், எந்த ஆலை, எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வராது. நடந்ததை நான் சொல்கிறேன். கியூஷூ தீவில் மீகெ நிலக்கரிச் சுரங்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டு அனுப்ப முடிவானபோது, தொழிலாளர்கள் 1960-ல் ஏறக்குறைய பத்து மாதம் போராடினார்கள். மறியலில் நின்ற தொழிலாளி ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 1974 என்ற ஒரே ஆண்டில் ஜப்பானில் ஐயாயிரத்துக்கும் அதிகமான வேலைநிறுத்தங்கள் நடந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் இறுதியில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்ற சட்டத்தை எதிர்த்து, தேசிய ரயில்வே ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள். நீங்கள் வியக்கும் அதே ரயில்கள்தான் எட்டு நாள் நாடு முழுக்க அசையவில்லை. அவர்கள் கேட்ட உரிமை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் காலத்துப் பெருநிறுவனங்கள் ஆளை நீக்க அஞ்சியதற்கும், ஓய்வுபெறும்வரை வேலை என்ற ஏற்பாடு உறுதிப்பட்டதற்கும் மீகெ போன்ற மோதல்களின் நினைவு ஒரு காரணம். நிறுவனத்தைத் தாயாக நினைக்கும் மனோபாவம் மட்டும் அதைக் கொண்டுவரவில்லை. உழைப்பைப் பற்றி இன்னும் ஒன்று: வேலை மிகுதியால் சாவதைத் தடுப்பதற்கென்றே 2014-ல் அங்கே ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 2019-லிருந்துதான் கூடுதல் நேர வேலைக்குத் தண்டனையோடு கூடிய உச்ச வரம்பு வந்தது. ‘ஜப்பான்காரன் பதினாறு மணி நேரம் உழைக்கிறான்’ என்று இனிமேல் சொல்வதாக இருந்தால், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுத்தத்துக்கு வருகிறேன். 1960களின் டோக்கியோவில் சுமிதா ஆறு நாற்றமெடுத்துக் கிடந்தது. நகரத்துக் குப்பை எல்லாம் கோட்டோ என்ற வார்டின் கரையோரத்தில் கொட்டப்பட்டது. 1965 கோடையில் அங்கிருந்து கிளம்பிய ஈக்கூட்டம் வீடுகளையும் பள்ளிகளையும் மொய்த்தபோது, குப்பைமேட்டில் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார்கள். வசதியானவர்கள் வாழ்ந்த சுகினாமி வார்டோ, தன் எல்லைக்குள் எரிப்பு ஆலை வரக்கூடாது என்று மல்லுக்கு நின்றது. உங்கள் குப்பையை எங்கள் வாசலில் கொட்டுவீர்கள், ஆனால் ஆலை மட்டும் உங்கள் ஊரில் கூடாதா என்று கோட்டோ மக்கள் திருப்பிக் கேட்டார்கள். 1971 செப்டம்பரில் ஆளுநர் ரியோகிச்சி மினோபே ‘குப்பைப் போர்’ என்றே அறிவித்தார். சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளைக் கோட்டோ வார்டு மறித்துத் திருப்பி அனுப்பியது. இழுபறிக்குப் பிறகே சுகினாமியில் ஆலை வந்தது. அவரவர் குப்பைக்கு அவரவர் பொறுப்பு என்ற எண்ணம் நகரத்தில் வேரூன்றியதில் இந்தச் சண்டைக்குப் பெரிய பங்கு உண்டு. எரிவது, எரியாதது, புட்டி, டப்பா என்று பிரித்து, இன்ன கிழமை இன்னது என்று வைக்கும் ஒழுங்கெல்லாம் அதற்குப் பின் பல சட்டங்களின் வழியாகப் படிப்படியாக வந்தது.

இதைவிடக் கொடியது மினமாதா என்ற ஊரில் நடந்தது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீனில் ஏறி, மீன் வழியாக மனிதர் உடலில் ஏறியது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே மாதத்தில். குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959-லேயே பாதரசத்தைச் சுட்டிக்காட்டினார்கள். ஆலையே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். இடைப்பட்ட ஆண்டுகளில், இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, நோயாளிகளுக்குச் சொற்பத் தொகையைக் கொடுத்திருந்தது நிறுவனம். அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 1973-ல் நீதிமன்றம் சொன்னது. 1970-ல் ஜப்பான் நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் பதினான்கு மாசுத் தடுப்புச் சட்டங்களை நிறைவேற்றியது என்றால், மினமாதாவிலும் யொக்காய்ச்சியிலும் ஜின்சு ஆற்றங்கரையிலும் நோயில் விழுந்த மீனவர்களும் விவசாயிகளும் வழக்குக்குப் போனதால்தான். மினமாதா மீனவர்களில் பலரை அவர்கள் ஊர்க்காரர்களே, நகரத்துக்குச் சோறு போடும் ஆலையைப் பழிக்கிறார்கள் என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்த மீனவர்கள் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி, நீங்கள் மிகவும் உருகிப் பேசும் இடத்துக்கு வருகிறேன்: பெற்றோரை மதிக்கும் பண்பு.

மெய்ஜி அரசு குடியியல் சட்டம் எழுத முதலில் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் புவாசொனாதின் உதவியை நாடியது. 1890-ல் சட்டம் வெளியானது. உடனே பெரும் சர்ச்சை. யட்சுகா ஹொசுமி என்ற சட்டப் பேராசிரியர், இந்தச் சட்டம் வந்தால் அரச விசுவாசமும் பெற்றோர் பக்தியும் செத்துப்போகும் என்ற பொருளில் தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். சட்டம் தள்ளிவைக்கப்பட்டது. திரும்ப எழுத அமர்த்தப்பட்ட மூவரில் ஒருவர் யட்சுகாவின் சொந்த அண்ணன் நொபுஷிகெ என்பது இந்தக் கதையின் சுவையான கிளை. 1898-ல் அமலுக்கு வந்த புதிய சட்டம், குடும்பத் தலைவர் என்று ஒருவரை நிறுத்தியது. அவர் சம்மதமில்லாமல் அந்த வீட்டில் யாருக்கும் கல்யாணம் கிடையாது. சொத்தும் தலைமையும் மூத்த மகனுக்கு. மனைவி சொந்தமாக ஓர் ஒப்பந்தம் செய்ய வேண்டுமென்றாலும் கணவன் அனுமதிக்க வேண்டும்.

அதற்கு முன்பு எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்தார்களா என்றால், இல்லை. அது பெரிதும் சாமுராய் வீட்டு வழக்கம். விவசாயிகளிடையே மூத்த மகளுக்கு மாப்பிள்ளை எடுத்துக் குடும்பத்தைக் கொடுத்த வட்டாரங்கள் உண்டு. கடைசி மகனுக்குக் கொடுத்த ஊர்களும் உண்டு. மணமுறிவும் சர்வசாதாரணம். கணவன் மூன்றரை வரியில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் கதை முடிந்தது. அவன் கொடுக்க மறுத்தால், காமகுராவில் அன்று பிக்குணிகள் மடமாக இருந்த தோகெய்-ஜிக்கு மனைவி ஓடிவிடலாம். அங்கே குறிப்பிட்ட காலம் தங்கினால் விடுதலை. மடத்து வாசலுக்குள் அவளுடைய செருப்பு விழுந்துவிட்டாலே போதும், அவள் உள்ளே வந்ததாகக் கணக்கு என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். 1880களில் ஜப்பானின் மணமுறிவு விகிதம் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் மூன்று. இன்று அதில் பாதிதான். ‘அந்தக் காலத்தில் குடும்பம் உடையாமல் இருந்தது’ என்று நீங்கள் பெருமூச்சுவிடும் அந்தக் காலம் அங்கே 1898-க்குப் பிறகுதான் தொடங்குகிறது.

போருக்குப் பின் அமெரிக்க ஆதிக்கத்தின்கீழ் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டது. திருமணம் இருவர் சம்மதத்தில் மட்டுமே நிற்கும், கணவன் மனைவிக்குச் சம உரிமை என்று சொல்லும் 24ஆம் பிரிவுக்கு வரைவு எழுதியவர் பியாத்தே சிரோட்டா, வயது 22. வியன்னாவில் பிறந்து, பியானோ கலைஞரான தந்தையோடு டோக்கியோவில் வளர்ந்தவர். ஜப்பானிய வீடுகளில் பெண்கள் படும் பாட்டைச் சிறுமியாக இருந்தபோதே பார்த்தவர். அந்தச் சட்டம் 1947 மே 3 முதல் நடைமுறைக்கு வந்தது. குடும்பத் தலைவர் அதிகாரம் ஒழிந்தது. மனைவியின் கள்ள உறவை மட்டும் குற்றமாக்கிய தண்டனைப் பிரிவும் அதே ஆண்டு நீக்கப்பட்டது.

ஆனால் ஒன்று தப்பிப் பிழைத்தது. 1907-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 200ஆம் பிரிவு. சாதாரணக் கொலைக்குச் சூழலைப் பார்த்துத் தண்டனை தரலாம்; ஆனால் தன் பெற்றோரையோ, கணவன் அல்லது மனைவியின் பெற்றோரையோ கொன்றால் மரண தண்டனை, இல்லையென்றால் ஆயுள் தண்டனை, வேறு பேச்சே இல்லை. பெற்றோர் பக்தியைக் காக்கும் சட்டம். 1950-ல் இதைப் போன்ற ஒரு பிரிவை எதிர்த்தபோது, பெற்றோரை மதிப்பது மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான அறம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது.

1968-ல் தொச்சிகி மாநிலத்தில் 29 வயதுப் பெண் ஒருவர் தன் தந்தையைக் கொன்றார். பதினான்கு வயதிலிருந்து அந்தத் தந்தை அவரைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கி வந்தவர். அவரால் அந்தப் பெண்ணுக்குக் குழந்தைகள் பிறந்திருந்தன. வேலைக்குப் போன இடத்தில் ஓர் இளைஞர் அவரை மணக்க விரும்பினார். அதைத் தந்தையிடம் சொன்னபோது வீட்டுக்குள் அடைத்து வைக்கப்பட்டார். வழக்கு வந்தது. தந்தையும் மகனுமான ஒனுகி வழக்கறிஞர்கள் கட்டணமில்லாமல் வாதாடினார்கள். தந்தை நோயில் விழுந்ததும் மகன் எடுத்துக்கொண்டார்.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். நீதிபதி எவ்வளவு இரக்கப்பட்டாலும், 200ஆம் பிரிவின் ஆயுள் தண்டனையைச் சட்டம் அனுமதிக்கும் இரண்டு வழிகளிலும் குறைத்தால் மிஞ்சுவது மூன்றரை ஆண்டுச் சிறை. தண்டனையை நிறுத்திவைக்க வேண்டுமென்றால் அது மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. அந்த அரை ஆண்டு இடைவெளியால், அந்தப் பெண் சிறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கீழ் நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்று சொல்லித் தண்டனையே வேண்டாம் என்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றி மூன்றரை ஆண்டு கொடுத்தது. 1973 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகளில் பதினான்கு பேர், 200ஆம் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றார்கள். இரண்டரை ஆண்டுத் தண்டனை விதித்து, அதையும் நிறுத்திவைத்தார்கள். ஜப்பான் உச்ச நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று சொன்னது அதுவே முதல் முறை.

நாடாளுமன்றம் உடனே அந்தப் பிரிவை நீக்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. பெற்றோர் பக்தி என்ன ஆவது என்று ஆளுங்கட்சிக்காரர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். அரசு வழக்கறிஞர்கள் அந்தப் பிரிவைத் தொடாமல் சாதாரணக் கொலைப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். புத்தகத்தைவிட்டு அது போனது 1995-ல். இருபத்திரண்டு ஆண்டு, செத்த சட்டம் ஏட்டில் கிடந்தது.

இந்தக் கதையைப் பள்ளி மேடையில் அப்படியே சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ‘தாய் தந்தை எது செய்தாலும் ஜப்பானியர் எதிர்த்துப் பேச மாட்டார்கள்’ என்று சொல்லாமல் இருக்க முடியும் அல்லவா? அந்தக் கூட்டத்தில் எந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. முதியோரைக் காப்பது பற்றிப் பேச வேண்டுமென்றால் 2000 ஏப்ரலில் தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைச் சொல்லுங்கள். நாற்பது வயது தாண்டிய எல்லோரும் பணம் கட்ட வேண்டும். படுக்கையில் கிடக்கும் பெரியவரைக் குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் வீட்டுக்கே ஆள் வரும். மாமியாரின் படுக்கையைத் துடைத்தே நடுவயதைக் கழித்த மருமகள்களின் நிலைமையைப் பெண்கள் அமைப்புகள் விடாமல் பேசியதும் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் உண்டு.

குடும்பப் பெயர் விவகாரம் இன்னும் வேடிக்கை. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் நாடு இன்று உலகில் ஜப்பான் ஒன்றுதான் என்று அந்நாட்டு அரசே சொல்லியிருக்கிறது. இதை மாற்றக் கூடாது என்பவர்கள் சொல்லும் காரணம், பாரம்பரியம். ஆனால் 1876-ல் மெய்ஜி அரசு போட்ட ஆணை என்ன? கல்யாணமானாலும் பெண் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. ஒரே பெயர் என்பது 1898-ல்தான் வந்தது. 1947-க்குப் பின் கணவன் பெயரோ மனைவி பெயரோ, இரண்டில் ஒன்று என்று ஆனது. காகிதத்தில் சமத்துவம், நடப்பில் ஏறக்குறைய 95 சதவீதத் தம்பதிகளில் பெண்தான் பெயரை இழக்கிறார். விரும்புகிறவர்கள் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளட்டும் என்று அரசின் சட்டக் குழுவே 1996-ல் பரிந்துரைத்தது. அது கிடப்பில் கிடக்கிறது. 2015-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் தற்போதைய சட்டம் செல்லும் என்றது. 2024-ல் பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான கெய்தான்ரென், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் வேலையில் ஒரு பெயர் என்று எங்கள் பெண் அதிகாரிகள் வெளிநாட்டில் அவதிப்படுகிறார்கள், சட்டத்தை மாற்றுங்கள் என்று கேட்டது. பெண்ணுரிமை பேசி நகராத இடத்தை வியாபாரக் கணக்காவது நகர்த்துமா என்று பார்க்க வேண்டும்.

2025 அக்டோபரில் சனாயே தகாய்ச்சி ஜப்பானின் முதல் பெண் பிரதமரானார். தனித்தனிப் பெயர் கூடாது என்பவர்களில் அவரும் ஒருவர். அவருடைய வீட்டிலோ, 2021-ல் மறுமணம் செய்தபோது கணவர்தான் தன் பெயரை விட்டு மனைவி பெயருக்கு மாறினார். தனிமனிதர் வாழ்க்கையைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. ஒருவர் பெயரை விட்டாக வேண்டிய கட்டாயம் எப்படிப்பட்டது என்பதை நாட்டிலேயே நன்றாக அறிந்த வீடுகளில் அதுவும் ஒன்று.

கடைசியாக இக்கிகாய். நான்கு வட்டம் போட்டு, நடுவில் இக்கிகாய் என்று எழுதி நீங்கள் திரையில் காட்டும் படம் ஜப்பானில் வரைந்தது அல்ல. வாழ்க்கை நோக்கம் பற்றி ஒரு ஸ்பானியர் போட்ட படத்தின் நடுவில், 2014-ல் ஒரு பிரிட்டிஷ்காரர் இக்கிகாய் என்ற பெயரை ஒட்டியதால் பிறந்தது அது. விற்பனையில் சக்கைபோடு போட்ட இக்கிகாய் புத்தகத்தை எழுதிய இருவரும்கூட ஸ்பானியர்கள். ஜப்பானில் இதை ஆழமாக ஆராய்ந்து முதலில் எழுதியவர் மியெகோ கமியா என்ற மனநல மருத்துவர். நூல் 1966-ல் வந்தது. அவர் யாரிடம் கேட்டுக் கேட்டு அதை எழுதினார் தெரியுமா? ஒகயாமா கரையை ஒட்டிய நாகஷிமா தீவில் அடைத்து வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளிகளிடம்.

தொழுநோயாளிகள் அனைவரையும் பிடித்துத் தனிமைப்படுத்த 1931-ல் சட்டம் வந்தது. எங்கள் மாநிலத்தில் ஒரு நோயாளியும் இல்லை என்று சொல்லிக்கொள்ள மாநிலங்கள் போட்டி போட்டன, அக்கம்பக்கத்தார் காட்டிக்கொடுத்தார்கள். நாகஷிமாவுக்குப் போனவர் குடும்பத்தின் மானம் காக்கச் சொந்தப் பெயரை விட்டுப் பொய்ப் பெயர் வைத்துக்கொண்டார். அங்கே கல்யாணம் செய்துகொள்ளலாம், கருத்தடை அறுவைக்கு உடன்பட்டால். போருக்குப் பின் நோயைக் குணப்படுத்தும் மருந்து வந்துவிட்டது. அப்படியும் 1953-ல் புதுச் சட்டம் எழுதித் தனிமைப்படுத்தலைத் தொடர்ந்தார்கள். தீவுக்கும் கரைக்கும் இடையே உள்ள நீர் சுமார் முப்பது மீட்டர். பாலம் போட்டது 1988-ல். சட்டம் ஒழிந்தது 1996-ல். 2001 மே மாதம் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அரசு செய்தது தவறு என்று தீர்ப்பளித்தது. பிரதமர் ஜுனிச்சிரோ கொயிசுமி மேல்முறையீடு செய்யாமல் ஏற்றுக்கொண்டார். வழக்குப் போட்டவர்களில் பலர், ஐம்பது ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவர்கள். கமியா அந்த நோயாளிகளை மதித்தார், அவர்கள் சொன்னதை மனங்கொண்டு கேட்டார். ஆனால் அவர்களை அடைத்து வைத்த சட்டத்தை எதிர்க்கவில்லை என்ற விமர்சனமும் அவர் மீது உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த நூலைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லாம் பறிக்கப்பட்ட பிறகும் ஒரு மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு மறுநாள் எழுந்திருக்கிறார் என்ற கேள்வியை, ‘உங்களுக்குப் பிடித்த வேலையில் சம்பாதிப்பது எப்படி’ என்று ஆக்கிவிட்டீர்கள். இதற்கு மட்டும் உங்களிடம் கொஞ்சம் கோபமே உண்டு.

நம்மூருக்கு ஜப்பான் மோகம் புதிதல்ல. 1905-ல் சுஷிமாக் கடலில் ரஷ்யக் கப்பற்படையை ஜப்பான் முறியடித்தபோது, ஆசியன் ஐரோப்பியனை வெல்ல முடியும் என்று இங்கே நெஞ்சு நிமிர்ந்தவர்கள் ஏராளம். பாரதியும் ஜப்பானைக் கூர்ந்து கவனித்து எழுதியவர். அதிலிருந்து ஐந்தாம் ஆண்டிலேயே ஜப்பான் கொரியாவை விழுங்கிவிட்டது. வியப்பவர்கள் முழுக் கதையும் பார்ப்பதில்லை என்பது அப்போதே தொடங்கிய பழக்கம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஜப்பானைப் பற்றிப் பேசுங்கள்; பேசும்போது தேதியோடு பேசுங்கள். ஆயிரம் ஆண்டு என்று சொல்லும் முன் ஒரு முறை தேடிப் பாருங்கள். கீழ்ப்படிதலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் வேறு ஊரைத் தேடிக்கொள்ளுங்கள்; லாரியை மறித்த கோட்டோ வார்டுக்காரர்களும், ஆலையின் மீது வழக்குப் போட்ட மினமாதா மீனவர்களும், எட்டு நாள் ரயிலை நிறுத்திய தொழிலாளர்களும் அதற்கு உதவ மாட்டார்கள். பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போனால், குடும்பப் பெயருக்காக 2024 மார்ச்சில் டோக்கியோவிலும் சப்போரோவிலும் மூன்றாம் முறையாக வழக்குத் தொடுத்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் கேள்விகளுக்கு விடுங்கள். அந்தக் கேள்விகளைத் தலைமையாசிரியர் முன்கூட்டியே எழுதி வாங்கி வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காரும் ஒருவன்